ஸ்லரி டிரம்மும் பில் புத்தகமும்

கேள்வி: "மேடம், நாங்கள் மதுரை வில்லாபுரத்தில் இருக்கிறோம். பிளஸ் டூ கணிதம்–உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதி முடித்திருக்கிறேன். எனக்கு வேதியியல் என்றால் உயிர். அப்பா வீட்டுக்குப் பின்னால் ஷெட் போட்டு பினாயில், பாத்திரம் கழுவும் லிக்விட், டாய்லெட் ஆசிட் தயாரிக்கிறார். பிளீச்சிங் பவுடரும் மூட்டையாக வாங்கிப் பாக்கெட் போடுகிறோம். எல்லாம் ஒரே ஷெட்டில்தான். கீழமாசி வீதிக் கடைகளுக்கும் சில ஹோட்டல்களுக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டியில் கொண்டுபோய்ப் போடுவார். 'பி.காம். படி, அப்பாவுக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும்' என்கிறார் தாய்மாமா. 'பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி எடு' என்கிறார் எங்கள் டீச்சர். இங்கிலாந்தில் வேதியியலையும் வணிகத்தையும் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாமாம். எனக்கென்றே செய்த படிப்பு மாதிரி இருக்கிறது. வீட்டை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. போகலாமா?"

பதில்: பதினேழு வயதுப் பிள்ளைக்கு 'நீங்கள்' போட்டு எழுத எனக்கு வரவில்லை. நீ என்றே எழுதுகிறேனம்மா.

படிப்பு அப்புறம். 'எல்லாம் ஒரே ஷெட்டில்தான்' என்ற வரியைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டாய்லெட் ஆசிட் என்று நீங்கள் கேனில் அடைப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது பிளீச்சிங் பவுடர் மேல் பட்டால் குளோரின் கிளம்பும். குளோரின் காற்றைவிடக் கனம். மேலே போகாது, தரையோடு தங்கும். குனிந்து உட்கார்ந்து பாக்கெட் ஒட்டுகிறவர் மூக்குக்குத்தான் முதலில் வரும். பிளீச்சிங் மூட்டையை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றச் சொல். ஈரம் படாத, காற்றோட்டமுள்ள தனி இடமாக இருக்கட்டும். இரண்டுக்கும் ஒரே மக், ஒரே புனல் வேண்டவே வேண்டாம். அப்பா 'இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லை' என்பார். எல்லா அப்பாக்களும் அப்படித்தான் சொல்வார்கள். நீ விடாதே.

சரி, இங்கிலாந்துக்கு வருவோம். நீ கேள்விப்பட்டது உண்மைதான். அங்கே பட்டத்தின் பெயரிலேயே ஒரு சூட்சுமம் இருக்கும். 'கெமிஸ்ட்ரி வித் பிசினஸ்' என்று 'வித்' போட்டிருந்தால் பெரும்பகுதி வேதியியல், ஏறக்குறைய கால் பங்கு வணிகம். 'அண்ட்' போட்டிருந்தால் கிட்டத்தட்டப் பாதிப் பாதி. பல இடங்களில் நடுவில் ஓராண்டு ஏதாவது கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வரும் வழியும் உண்டு. என்னைக் கேட்டால் அந்தப் படிப்பின் சத்தே அந்த ஓராண்டுதான். வேதியியல் பட்டங்களுக்கு ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி அங்கீகாரம் கொடுக்கிறது. கலப்புப் பட்டத்தில் சேருகிறவர்கள் தங்கள் பாடத்துக்கும் அது உண்டா என்று தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். வணிகப் பாடத்துக்கு இடம் விட்டதில் லேப் நேரம் குறைந்திருக்கலாம்.

மோசமான படிப்பென்று சொல்ல மாட்டேன். அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒரு பெயின்ட் கம்பெனியிலோ மருந்துக் கம்பெனியிலோ சேரப் போகிற பெண்ணுக்கு அது பொருந்தும். உன் கணக்கு வேறு. கல்விக்கடன் 7½ லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் சொத்துப் பிணை கேட்பது வழக்கம். இங்கிலாந்தில் மூன்று வருஷம் என்றால் செலவு அதைப் போலப் பல மடங்கு ஆகும். ஆக, வில்லாபுரம் வீடும் அதன் பின்னால் இருக்கிற ஷெட்டும் பிணைக்குப் போகும். எந்தத் தொழிலுக்காகப் படிக்கப் போகிறாயோ அந்தத் தொழில் நடக்கிற இடத்தையே அடகு வைத்துவிட்டுப் போவதில் எனக்குச் சம்மதமில்லை.

மாமா சொல்கிற பி.காம்.மும் வேண்டாம். டீச்சர் சொல்வதைக் கேள். ஏன் என்று என் சொந்தக் கதையில் இரண்டைச் சொல்கிறேன்.

எம்.எஸ்ஸி. முடித்த மிதப்போடு ஒரு ரப்பர் உதிரிபாகக் கம்பெனி லேபில் சேர்ந்தேன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். எண்ணெய் கசியாமல் அடைக்கிற ஆயில் சீல் ஒன்றுக்குக் காம்பவுண்டு, அதாவது ரப்பர் கலவை, போடச் சொன்னார்கள். நைட்ரைல் ரப்பரில் போட்டேன். எண்ணெயில் ஊறப்போட்டாலும் உப்பவில்லை. இழுவிசை, கடினத்தன்மை எல்லாம் வாடிக்கையாளர் கேட்டதற்கு மேலேயே வந்தது. மீட்டிங்கில் ரிப்போர்ட்டைப் பெருமையாக நீட்டினேன். பர்ச்சேஸ் மேனேஜர் கடைசிப் பக்கம் வரை புரட்டிவிட்டு, "கிலோ என்ன விலைம்மா வரும்?" என்றார். எனக்குத் தெரியாது. நைட்ரைல் ரப்பர் கிலோ என்ன விலை என்றுகூடத் தெரியாது. "கேட்டதுக்கு மேல குடுத்திருக்கியே, அந்த மேல உள்ளதுக்கு யாரும்மா காசு குடுப்பா?" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அன்று பஸ்ஸில் வீடு வரும்வரை எனக்கு முகம் சுட்டுக்கொண்டிருந்தது.

மூன்று வருஷம் கழித்து நேர்மாறாக ஒன்று நடந்தது. கணக்குப் பிரிவில், லேபை ஒரு வார்த்தை கேட்காமல், ஜிங்க் ஆக்சைடை கிலோவுக்குச் சில ரூபாய் மலிவான இடத்தில் வாங்கிவிட்டார்கள். நூறு பங்கு ரப்பருக்கு ஐந்து பங்குதான் அது போகும். ஆனால் கந்தகம் ரப்பரைப் பிணைக்கிற வேலையை அதுதான் முடுக்கிவிடும். தரம் குறைந்த ஜிங்க் ஆக்சைடு வந்ததும், அச்சில் 6 நிமிடத்தில் வெந்துகொண்டிருந்த பொருள் 7½ நிமிடம் கேட்டது. ஒன்றரை நிமிடம்தானே என்று தோன்றும். எட்டு மணி நேர ஷிப்டுக்கு 480 நிமிடம். ஆறால் வகுத்தால் அச்சு 80 முறை திறக்கும். ஏழரையால் வகுத்தால் 64. ஒரு பிரஸ்ஸுக்கு ஒரு ஷிப்டில் 16 முறை போச்சு. கரண்ட் பில்லும் கூலியும் அதேதான். மூட்டையில் மிச்சம் பிடித்ததை அச்சில் விட்டோம். உற்பத்தி ஏன் குறைகிறது என்று மேஸ்திரிகளைத் திட்டியே மூன்று வாரம் ஓடியது. அதற்கப்புறம்தான் யாரோ லேபுக்குச் சாம்பிள் அனுப்பினார்கள்.

முதல் தடவை எனக்கு வணிகம் தெரியவில்லை, இரண்டாவது தடவை அவர்களுக்கு வேதியியல் தெரியவில்லை. சரிக்குச் சரி என்று நினைத்துவிடாதே. விலை விவரம் கற்றுக்கொள்ள எனக்கு ஒரு மாதம் போதுமாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளையில் பர்ச்சேஸ் பிரிவுக்குப் போய்ப் பழைய பில்களைப் புரட்டினேன். அந்த மேனேஜரே பக்கத்தில் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் ஜிங்க் ஆக்சைடு என்ன செய்கிறது என்பதைக் கணக்குப் பிரிவுக்குப் புரியவைக்க என்னால் கடைசிவரை முடியவில்லை. அவர்கள் கெட்டிக்காரர்கள்தான். ஆனால் அதற்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டிய நூறு விஷயங்கள் அவர்களிடம் இல்லை. டைட்ரேஷனில் நிறம் மாறுகிற அந்த ஒரு சொட்டில் பியூரெட் என்ற அளவுக் குழாயை நிறுத்துகிற கை, பதினெட்டு இருபது வயதில் லேபில் கால் கடுக்க நின்றுதான் வரும். நாற்பது வயதில் ஆன்லைன் வகுப்பில் வராது.

இன்னொன்றையும் மாமாவிடம் சொல். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி முடித்தவள் எம்.பி.ஏ. போகலாம். காஸ்ட் அக்கவுன்டன்ட் ஆகும் சி.எம்.ஏ. படிப்பில், பட்டதாரி என்பதால் ஃபவுண்டேஷன் தேர்வு எழுதாமல் நேராக இன்டர்மீடியட்டில் சேரலாம். பி.காம். முடித்தவள் எம்.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி பக்கம் திரும்புவது மிகவும் கடினம். ஏறக்குறைய ஒருவழிப் பாதை அது. அப்பாவுக்குக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டும் என்பதில் நியாயம் இருக்கிறது, ஆனால் உங்கள் அளவுத் தொழிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையில் என்ன செய்வாய் என்று சொல்கிறேன், கேள்.

பாத்திரம் கழுவும் லிக்விடுக்கு அடிப்படைச் சரக்கான ஆசிட் ஸ்லரியை அப்பா வாங்குவார். டிரம்மில் ஒட்டியிருக்கிற லேபிளைப் பார். அழுக்கைப் போக்கும் சரக்கு அதில் 90 சதவீதம் என்றோ 96 சதவீதம் என்றோ போட்டிருக்கும். கணக்குக்காக நானே ஒரு விலை வைக்கிறேன்: 90 சதவீதம் கிலோ 108 ரூபாய், 96 சதவீதம் 113 ரூபாய். அப்பா 108ஐத்தான் எடுப்பார், யாராக இருந்தாலும் அதைத்தான் எடுப்பார்கள். ஆனால் நுரை வருவதும் எண்ணெய்ப் பிசுக்குப் போவதும் அந்த 90ஆலும் 96ஆலும்தான். 108ஐ 0.90ஆல் வகு, 120 ரூபாய். 113ஐ 0.96ஆல் வகு, 117 ரூபாய் 70 காசு. மலிவு எது? இதோடு முடியவில்லை. 90 சதவீத ஸ்லரியின் மீதிப் பத்தில் கந்தக அமிலமும் இருக்கும். அந்தக் கந்தக அமிலம் ஒவ்வொரு கிலோவும், ஸ்லரியின் அமிலத்தை முறிக்க நீங்கள் சேர்க்கிற காஸ்டிக் சோடாவில் 800 கிராமுக்கு மேல் தின்றுவிட்டு, சோடியம் சல்பேட்டாகச் சும்மா நிற்கும். அது பாத்திரம் கழுவாது. காஸ்டிக்குக் கொடுத்த காசும் அதோடு போகும்.

எவ்வளவு காஸ்டிக் வேண்டும் என்பது பதினொன்றாம் வகுப்பில் படித்த மோல் கணக்குதான். ஸ்லரியின் மூலக்கூறு நிறை சுமார் 320, காஸ்டிக் சோடா 40. ஆக நூறு கிலோ சுத்த ஸ்லரிக்குப் பன்னிரண்டரை கிலோ. அப்பா இதைக் கையில் தொட்டுப் பார்த்தும் லிட்மஸ் தாளை நனைத்தும் முடிவுசெய்துகொண்டிருப்பார். நீ ஒரு தராசும் நோட்டும் கொண்டுபோய் உட்கார்.

அப்புறம் உப்பு. லிக்விடைக் கெட்டியாக்க அப்பா உப்புக் கரைசல் ஊற்றுவார். கொஞ்சம் கூடிப்போனால் கெட்டியானது திரும்ப நீர்த்துவிடும், ஒரு பேரல் முழுக்க வீணாகும். அவருக்கு அது கைப்பக்குவம். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நீ கல்லூரியில் மிசெல் என்று படிப்பாய். ஸ்லரி மூலக்கூறுகள் தண்ணீரில் உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கும். உப்புச் சேரச் சேர அந்த உருண்டைகள் புழு மாதிரி நீண்டு ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும், லிக்விட் கெட்டிப்படும். அளவு தாண்டினால் பின்னல் தளர்ந்துவிடும். அதைப் படித்த வாரமே பத்து கிளாஸில் பத்து அளவு உப்புப் போட்டு, எதில் உச்சம் என்று ஒரு வரைபடம் போடு. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை, போர் தண்ணீரில் ஒரு தடவை. போர் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் உச்சம் முன்னாலேயே வந்துவிடும். கோடையில், போர் தண்ணீரை அதிகம் ஊற்றுகிறபோது மட்டும், சரக்கு ஏன் திரும்பி வருகிறது என்று அப்பா தலையைச் சொறிந்திருந்தால், பதில் அந்தத் தாளில் இருக்கலாம். வருஷத்தில் இரண்டு பேரல் வீணாகாமல் காப்பாற்றினால் எவ்வளவு மிச்சம் என்று பக்கத்திலேயே எழுது. வேதியியலும் வணிகமும் சேர்ந்த படிப்பு என்று நீ தேடுவது இதுதான். இங்கிலாந்தில் இதற்குப் பாடப்பெயர் வேறாக இருக்கும்.

ஹோட்டலோடு நிற்காமல் ஆஸ்பத்திரிகளுக்கும் பினாயில் போட வேண்டும் என்று என்றாவது ஆசை வந்தால், அங்கே தரத்தைப் பற்றிக் கேள்வி வரும். கறுப்பு, வெள்ளை இரண்டு வகைப் பினாயிலுக்கும் ஐ.எஸ். 1061 என்ற இந்தியத் தரம் உண்டு. கிருமியைக் கொல்லும் சக்தியைப் பீனாலோடு ஒப்பிட்டுச் சொல்கிற ரிடியல்–வாக்கர் எண்ணை வைத்து அதில் வகை பிரிப்பார்கள். வாசனையையும் பால் மாதிரி வெள்ளையையும் கூட்டினால் கடைக்காரர் மகிழ்வார், ஆனால் அந்த எண் அதனால் உயராது. ஹோட்டல் ஆர்டரில் ஜி.எஸ்.டி. இன்னொரு முடிச்சு. சிறு தொழில்கள் வரியை மொத்தமாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கிற தயாரிப்பாளர் வரி போட்ட பில் கொடுக்க முடியாது. வாங்குகிற ஹோட்டல் வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அப்பா எந்தத் திட்டத்தில் இருக்கிறார் என்று முதலில் விசாரி.

பினாயில் என்றதும் எனக்கு பி.சி. ரே ஞாபகம் வந்துவிடும். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 1892ல் 700 ரூபாய் முதலீட்டில், தான் குடியிருந்த வீட்டிலேயே பெங்கால் கெமிக்கல்ஸைத் தொடங்கினார். கசாப்புக் கடை எலும்பிலிருந்து பாஸ்பேட் உப்பு எடுத்தவர் அவர். அந்த நிறுவனம் இன்று அரசு நிறுவனம், பினாயில் விற்கிறது. அவர் எந்தக் கலப்புப் பட்டமும் வாங்கவில்லை, எடின்பரோவில் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கினார்.

கல்கத்தா வரை போவானேன். சிவகங்கை ரோட்டில் ஆரோலேப் இருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கையோடு ஆரம்பித்த அரவிந்த் கண் மருத்துவமனையின் குடும்பத்தில் பிறந்தது, 1992ல். கண்புரை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கிற லென்ஸை இறக்குமதி செய்துகொண்டிருந்த காலம். ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத விலை. அதே பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் பிளாஸ்டிக்கில் மதுரையிலேயே செய்து, பல மடங்கு மலிவாகக் கொடுத்தார்கள். பாலிமரின் தரத்தில் ஒரு புள்ளி இறங்காமல் விலையை இறக்க வேண்டும் என்றால் லேபும் கணக்கும் ஒரே மேஜையில் உட்கார்ந்தாக வேண்டும். சிவகாசியிலும் அப்படித்தான். 2018ல் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புக்குத் தடை போட்டது. பச்சை நிறத்துக்குப் பேரியத்தைத்தான் நம்பியிருந்தார்கள். அந்த வருஷம் வக்கீலுக்கு அடுத்தபடியாகக் கெமிஸ்டுக்குத்தான் கிராக்கி.

கல்லூரிக்கு வருகிறேன். 1881ல் தொடங்கிய அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக், தியாகராசர், பாத்திமா, அரசு கல்லூரி வேண்டுமென்றால் ஸ்ரீ மீனாட்சி. எல்லா இடத்திலும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி இருக்கிறது, எல்லாமே வில்லாபுரத்திலிருந்து டவுன் பஸ் தூரம். துணைப்பாடமாகக் கணிதம் கிடைத்தால் விடாதே. வேறு துறையில் எடுக்கிற விருப்பப்பாடத்துக்கு வணிகவியல் துறைக்குப் போ. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022ல் அனுமதித்துவிட்டது, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்திலோ இக்னோவிலோ பி.பி.ஏ. சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம். விதி இடம் கொடுக்கிறது, எனக்கு மனம் ஒப்பவில்லை. தேர்வு மாதங்கள் மோதிக்கொள்ளும், இரண்டும் அரைகுறையாகும். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் கதைதான். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் டேலி என்ற கணக்கு மென்பொருளைக் கற்றுக்கொள், ஒரு அடக்கவிலைக் கணக்கியல் புத்தகம் வாங்கி அப்பாவின் பில்களை வைத்தே படி. அது போதும்.

பட்டம் முடிந்த கையோடு எம்.பி.ஏ. ஓடாதே. இரண்டு வருஷம் எங்கேயாவது தரக்கட்டுப்பாட்டு லேபில் சம்பளத்துக்கு வேலை பார். அடுத்தவர் காசில் தப்புச் செய்து கற்றுக்கொள்கிற வாய்ப்பு அப்புறம் கிடைக்காது. வேதியியலே போதும் என்று தோன்றினால் காரைக்குடிக்குப் போ. அழகப்பா பல்கலைக்கழகத்தில் தொழில்துறை வேதியியலுக்கென்றே துறை இருக்கிறது. பக்கத்திலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் என்ற வணிகர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் காரைக்குடிக்கு வந்தது. எம்.பி.ஏ.தான் என்றால் திருப்பரங்குன்றம் பக்கம் தியாகராசர் மேலாண்மைப் பள்ளி இருக்கிறது. அப்போதும் இங்கிலாந்து ஆசை விடவில்லையென்றால் அங்கே முதுநிலைப் படிப்பு பெரும்பாலும் ஓராண்டுதான். மூன்று வருஷச் செலவு ஒரு வருஷத்துக்கு இறங்கும், கையில் வேலை அனுபவமும் இருக்கும். அப்போது எனக்கு எழுது, நானே சிபாரிசுக் கடிதம் தருகிறேன்.

விண்ணப்பம் வாங்கப் போகும்போது கட்டடத்தையும் கேண்டீனையும் பார்த்து மயங்காதே. மாடிப்படியில் இறங்கி வருகிற இரண்டாம் ஆண்டுப் பிள்ளை யாரையாவது நிறுத்தி, "அக்கா, டைட்ரேஷன் ஆளுக்கு ஒரு பியூரெட்டா, இல்லை சேர்ந்து செய்யணுமா?" என்று கேள். நாலு பேருக்கு ஒன்று என்றால் அடுத்த கல்லூரிக்குப் பஸ் ஏறிவிடு.